கைவிலங்கு போட முடியாத நீதிமன்றம் கதவைச் சாத்த முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: “அமெரிக்காவில் பழங்குடி நீதிமன்றம், அந்த இனத்தைச் சேராத கணவன் மீது குடும்ப வன்முறைக்கான பாதுகாப்பு உத்தரவு போட முடியுமா? ஒலிஃபண்ட் தீர்ப்பு வந்தபிறகு முடியாது என்று எங்கள் சட்டக் கல்லூரி ஆசிரியர் சொல்கிறார். மூட் கோர்ட்டுக்காக (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) கேட்கிறேன்.” இதற்குள் மூன்று கேள்விகள் மடிந்து கிடக்கின்றன. உத்தரவு போடும் அதிகாரம் உண்டா என்பது ஒன்று. அவன் மீறினால் அந்த நீதிமன்றம் அவனை என்ன செய்யலாம் என்பது இரண்டாவது. உத்தரவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்கு வெளிப் போலீஸ் உதவுமா என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பதில்: உண்டு, 2013லிருந்து சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமில்லை. உங்கள் ஆசிரியர் சொன்னது கிரிமினல் வழக்குக்குப் பெரும்பாலும் சரி. அடித்தவனிடம் ‘கிட்டே வராதே’ என்று சொல்லும் பாதுகாப்பு உத்தரவு சிவில் சமாசாரம்.

நான் அமெரிக்காவின் தென்மேற்கில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். மாநில நீதிமன்றம், பழங்குடி நீதிமன்றம் இரண்டிலும் மனு போட்டிருக்கிறேன். பெரும்பாலும் இந்த மாதிரி மனுக்கள்தான். அலாஸ்காவிலும் ஓக்லஹோமாவிலும் நான் ஆஜரானதில்லை. அந்த ஊர்களைப் பற்றி எழுதும்போது தீர்ப்புகளைப் படித்த அறிவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ரிசர்வேஷன் என்றதும் நமக்கு இட ஒதுக்கீடு ஞாபகம் வரும். அங்கே அது பழங்குடிகளுக்கென்று ஒதுக்கி எல்லை கட்டிய நிலப்பரப்பு. அப்புறம், அந்த ஊர்ச் சட்டப் புத்தகத்தில் பழங்குடியினரை இன்றைக்கும் ‘இந்தியர்’ என்றே எழுதுகிறார்கள். நான் முதல் தடவை ஒரு பழங்குடி நீதிமன்றத்தில் படிவம் நிரப்பியபோது ‘இந்தியரா, இந்தியர் அல்லாதவரா’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். எழுத்தர் அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாவது கட்டத்தை விரலால் காட்டினார். திருநெல்வேலியில் பிறந்த நான் அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘இந்தியர் அல்லாதவர்’. குழப்பம் வேண்டாம் என்று இங்கே பழங்குடியினர், வெளியார் என்றே எழுதுகிறேன்.

பழங்குடி நீதிமன்றம் என்றால் மரத்தடிப் பஞ்சாயத்து என்று எண்ணிவிடவும் வேண்டாம். மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி இனங்கள் 570க்கு மேல். எல்லா இனங்களுக்கும் நீதிமன்றம் இல்லை. இருப்பவற்றிலும் ஒன்று போல ஒன்று இருக்காது. நவஹோ தேசத்தில் மாவட்ட நீதிமன்றங்கள், மேலே உச்ச நீதிமன்றம், அச்சிட்ட சட்டத் தொகுப்பு, தனி வழக்கறிஞர் தேர்வு எல்லாம் உண்டு. அவர்களுடைய குடும்ப வன்முறைச் சட்டம் 1993ல் வந்தது; இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் மூத்தது. இன்னொரு பக்கம், மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் நீதிபதி காரில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற நீதிமன்றங்களும் உண்டு. அங்கேயும் மனு, நோட்டீஸ், விசாரணை, எழுத்து மூலமான உத்தரவு எல்லாம் நடக்கும்.

சரி, ஒலிஃபண்ட். வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு எதிர்க்கரையில், போர்ட் மாடிசன் ரிசர்வேஷன் இருக்கிறது. சுக்வாமிஷ் இனத்தின் இடம். 1973ல் அவர்கள் கொண்டாடிய ஒரு திருவிழாவில் ஒலிஃபண்ட் என்ற வெளியார் ஒருவர் பழங்குடிக் காவலரைத் தாக்கியதாகக் கைதானார். வழக்கு ஏறி ஏறி உச்ச நீதிமன்றம் போனது. 1978ல் தீர்ப்பு: வெளியாரைக் கிரிமினல் குற்றத்துக்காக விசாரிக்கவும் தண்டிக்கவும், நாடாளுமன்றம் கொடுத்தாலொழிய, பழங்குடி நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. அந்த ரிசர்வேஷனில் 63 சதவீத நிலம் அப்போதே வெளியார் கையில் இருந்தது என்று தீர்ப்பின் அடிக்குறிப்பு சொல்கிறது. இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

சிவில் அதிகாரத்துக்கு வேறொரு தீர்ப்பு இருக்கிறது: 1981ன் மொன்டானா வழக்கு. குரோ இனத்தின் ரிசர்வேஷனுக்குள் ஓடும் பிக்ஹார்ன் ஆற்றிலும் அங்கே வெளியாருக்குச் சொந்தமான நிலத்திலும் வெளியார் மீன் பிடிப்பதையும் வேட்டையாடுவதையும் அந்த இனம் தடுக்க முடியுமா என்பது பிரச்சினை. வெளியாரின் நிலத்தில் வெளியாரை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பொதுவாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இரண்டு வாசல்களைத் திறந்து வைத்தது. ஒப்பந்தம், வியாபாரம், குத்தகை என்று அந்த இனத்தோடோ அதன் உறுப்பினரோடோ தானாக விரும்பி உறவு வைத்துக்கொண்டவர் மீது அதிகாரம் உண்டு. இனத்தின் அரசியல் கட்டுக்கோப்பையோ பொருளாதாரத்தையோ ஆரோக்கியத்தையோ நலனையோ நேரடியாகப் பாதிக்கும் நடத்தை மீதும் உண்டு. கல்யாணம் முதல் வாசலில் அடங்குமா? பெண்டாட்டியை அடிப்பது இரண்டாவதில் அடங்குமா? சாதாரண மனுஷ புத்திக்கு இரண்டுக்கும் ஆமாம் என்றே தோன்றும். நீதிமன்றங்கள் அப்படி நினைக்கவில்லை. 1997ல் ஒரு சாலை விபத்து வழக்கில், ரிசர்வேஷனுக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலையில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதுகூட இரண்டாவது வாசலுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் குறுக்கிவிட்டது.

இங்கே நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் பாதி வாதம் நிலத்தில்தான் சிக்கியிருக்கிறது. 1887ல் ஒரு சட்டம் போட்டு, இனத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். மிஞ்சியதை வெளியாருக்கு விற்றார்கள். பிரித்துக் கொடுத்ததும் வரிபாக்கியிலும் கடனிலும் ஏராளமாகக் கைமாறியது. விளைவு, இன்றைக்குப் பல ரிசர்வேஷன்களின் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. ஒரு சதுரம் மத்திய அரசு இனத்துக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம். பக்கத்துச் சதுரம் வெளியார் ஒருவரின் பேரில் இருக்கும் தனிச்சொத்து, நம் பேச்சில் பட்டா நிலம். ஒரே தெருவில் இடது பக்க வீட்டில் அடி விழுந்தால் ஒரு பதில், வலது பக்க வீட்டில் விழுந்தால் வேறு பதில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் மேலதிகாரி சட்டப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. நான்கு நிறத்தில் கட்டம் போட்ட ஒரு நில வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். மனுதாரர் சொல்லும் முகவரியை முதலில் அதில் தேடு, அப்புறம் பேனாவை எடு என்றார்.

இப்போது அதே போர்ட் மாடிசன் ரிசர்வேஷனுக்குத் திரும்புவோம். ஒலிஃபண்ட் தீர்ப்பு வந்து 30 வருடம் கழித்து, 2008ல், அங்கிருந்தே ஒரு பாதுகாப்பு உத்தரவு வழக்கு மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. மனைவி பழங்குடிப் பெண், ஆனால் சுக்வாமிஷ் இனத்தவர் அல்ல, அலாஸ்காவைச் சேர்ந்தவர். கணவர் வெளியார். வீடு ரிசர்வேஷனுக்குள்தான், ஆனால் பட்டா நிலத்தில். சுக்வாமிஷ் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு செல்லாது என்று கணவர் வாதிட்டார், ஜெயித்தார். பெண்கள் மீதான வன்முறைச் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் பழங்குடி நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு உத்தரவுகளை ‘அமல்படுத்த’ முழு சிவில் அதிகாரம் உண்டு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் ‘இனத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட’ விவகாரங்களில் என்று ஒரு வாலும் அதில் இருந்தது. வெளியார் மீது புதிதாக அதிகாரம் எதையும் அந்த வரி தரவில்லை என்று நீதிமன்றம் படித்தது. மொன்டானா சொன்ன இரண்டு வாசலும் அந்த அம்மாவுக்குத் திறக்கவில்லை.

இந்தத் தீர்ப்பு மாவட்ட நீதிமன்ற அளவிலானது, வேறு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அது கிளப்பிய பயம் பெரியது, ஏனென்றால் பிரச்சினையின் அளவு அப்படி. மத்திய நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் 2016ல் வெளியிட்ட கணக்கின்படி, பழங்குடிப் பெண்களில் 84.3 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதாவது ஒரு வகை வன்முறையைச் சந்தித்தவர்கள், 55.5 சதவீதம் பேர் கணவனோ துணைவனோ அடித்து அனுபவித்தவர்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் 97 சதவீதம் பேர், தாக்கியவர்களில் ஒருவராவது வேற்று இனத்தவர் என்றார்கள். அடிப்பவன் வெளியாராக இருப்பது விதிவிலக்கு கிடையாது, அதுதான் சகஜம். அவனைத் தண்டிக்க முடியாது என்று 1978ல் சொல்லியாகிவிட்டது. கிட்டே வராதே என்றுகூடச் சொல்ல முடியாது என்று 2008ல் ஒரு நீதிமன்றம் சொல்கிறது.

நாடாளுமன்றம் 2013ல் பெண்கள் மீதான வன்முறைச் சட்டத்தைப் புதுப்பித்தபோது அந்த வாலை வெட்டியது. ஒபாமா அதில் கையெழுத்திட்டது மார்ச் 7ஆம் தேதி. அதன் 905ஆம் பிரிவு, அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் கிரிமினல் சட்டம் இருக்கும் 18ஆம் தலைப்பில் 2265ஆம் பிரிவின் உட்பிரிவு ‘இ’யைத் திருத்தி எழுதியது. சாரம் இது: பாதுகாப்பு உத்தரவுகளைப் பிறப்பிக்கவும் அமல்படுத்தவும், எந்த நபர் சம்பந்தப்பட்டிருந்தாலும், பழங்குடி நீதிமன்றத்துக்கு முழு சிவில் அதிகாரம் உண்டு, விவகாரம் அந்த இனத்தின் பழங்குடி நிலப்பரப்பில் எங்கே எழுந்திருந்தாலும் சரி, வேறு விதத்தில் இனத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தாலும் சரி. ‘பிறப்பிக்கவும்’ என்ற சொல்லையும், ‘எந்த நபர்’ என்பதையும், ‘எங்கே’ என்பதையும் அடிக்கோடிடுங்கள். 2008 தீர்ப்பு எந்தெந்த ஓட்டையில் நுழைந்ததோ அந்தந்த ஓட்டையை ஒவ்வொரு சொல்லும் அடைக்கிறது. பழங்குடி நிலப்பரப்பு என்பதற்கு வேறொரு பிரிவில் இலக்கணம் இருக்கிறது. ரிசர்வேஷன் எல்லைக்குள் இருக்கும் பட்டா நிலமும் அதற்குள் அடக்கம். ஆக, பாதுகாப்பு உத்தரவைப் பொறுத்தவரை சதுரங்கப் பலகையின் நிறம் போய்விட்டது.

சட்டத்தில் எழுதியதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். 2019ல், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மிச்சிகனில் இருக்கும் நாட்டவசெப்பி ஹ்யூரான் பொட்டாவாட்டமி இனத்தின் நீதிமன்றம், இனத்தைச் சேராத ஒரு பெண், இன உறுப்பினர் ஒருவரைத் தொல்லை செய்ததாக அவர் மீது நிரந்தரப் பாதுகாப்பு உத்தரவு போட்டிருந்தது. வெளியார் மீதும் இந்த உத்தரவு போட நாடாளுமன்றம் தெளிவாகவே அதிகாரம் கொடுத்திருக்கிறது, சொற்களில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவனியுங்கள், அது கணவன் மனைவி விவகாரம்கூட இல்லை. உச்ச நீதிமன்றம் இந்த வரிக்கு இதுவரை நேரடியாகப் பொருள் சொன்னதில்லை. அதனால் ‘முடிந்துபோன விஷயம்’ என்று மூட் கோர்ட்டில் எழுதாதீர்கள். ‘சட்டத்தின் சொல் தெளிவு, மேல்முறையீட்டு அளவில் ஆதரவு உண்டு’ என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த அதிகாரம் சும்மா வந்துவிடாது, நடைமுறை சரியாக இருக்க வேண்டும். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒருதலைப்பட்சமாக உத்தரவு போடலாம். நியாயமான காலத்துக்குள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும். இருவரும் ஒருவர் மீது ஒருவர் புகார் சொல்லும்போது சலித்துப்போய் ‘இரண்டு பேருமே தள்ளி இருங்கள்’ என்று நீதிபதி ஒரே தாளில் எழுதிவிடுவதும் உண்டு. எதிர்ப்பக்கம் தனியாக மனு போடாமல், அதற்குத் தனியாகக் காரணம் எழுதாமல் அப்படிப் போட்டால், மனுதாரருக்கு எதிரான அந்தப் பாதி உத்தரவை வெளியூர் நீதிமன்றங்கள் மதிக்கத் தேவையில்லை. நான் பார்த்த வரையில் உத்தரவுகள் விழுவது பெரிய அரசியல் சாசனக் கேள்விகளில் அல்ல. நோட்டீஸ் சார்வு செய்ததற்கான அத்தாட்சி கோப்பில் இல்லை என்பதில்தான் விழுகின்றன. ரிசர்வேஷனுக்கு வெளியே வசிப்பவருக்குப் பழங்குடிக் காவலர் போய் நோட்டீஸ் கொடுக்க முடிவதில்லை, கவுன்டி ஷெரிஃபை, அதாவது வெளியே இருக்கும் வட்டாரத்தின் போலீஸ் தலைவரை, கேட்க வேண்டும். அந்த அலுவலகம் ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பும். ஒரு வாய்தா, இரண்டு வாய்தா, மூன்றாவது வாய்தாவுக்கு அந்தப் பெண் வரமாட்டாள்.

கணவர் தரப்பு வக்கீல் வழக்கமாகச் செய்வது, ‘இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை’ என்று நேராக மத்திய நீதிமன்றத்துக்கு ஓடுவது. அதற்கு 1985லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது: அதிகாரம் உண்டா இல்லையா என்பதையும் முதலில் பழங்குடி நீதிமன்றத்திலேயே, அதன் மேல்முறையீடு வரை, வாதாடிவிட்டுத்தான் வெளியே வரலாம். விதிவிலக்குகள் உண்டு, குறுகியவை.

இரண்டாவது கேள்வி, மீறினால் என்ன. சட்டமே மூன்று வழியைச் சொல்கிறது: சிவில் நீதிமன்ற அவமதிப்பு, மீறியவரைப் பழங்குடி நிலத்திலிருந்து வெளியேற்றுவது, ‘பொருத்தமான மற்ற வழிகள்’. அபராதம் இதில் சிக்கலில்லாதது. வெளியேற்றும் அதிகாரம் பல இனங்களுக்கு உடன்படிக்கைக் காலத்திலிருந்தே இருப்பது, நடைமுறையில் அதுதான் கூர்மையான ஆயுதம். ரிசர்வேஷன் சூதாட்ட விடுதியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பவனுக்கு உள்ளே வராதே என்றால் சம்பளம் போச்சு. சந்தேகம் எங்கே வருகிறதென்றால், அவமதிப்புக்காக வெளியாரைச் சிறையில் உட்கார வைக்கலாமா என்பதில். உத்தரவுக்குக் கீழ்ப்படியும் வரை உள்ளே இரு என்பது சிவில், மீறியதற்காகப் பத்து நாள் இரு என்பது கிரிமினல் என்று புத்தகம் பிரிக்கிறது. ‘அவளை அடிக்காதே’ என்ற உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவரை உள்ளே வைப்பது என்றால் என்ன அர்த்தம்? எப்போது திறந்துவிடுவீர்கள்? இந்த இடத்தில் நான் நீதிபதிகளிடம் சிறையைக் கேட்டதே இல்லை. கேட்டால் ஒலிஃபண்ட் பின்வாசல் வழியாக வந்துவிடும் என்ற பயம்தான்.

அவனைக் கிரிமினலாகவே விசாரிக்க இன்னொரு கதவு இருக்கிறது, அதையும் 2013 சட்டம்தான் திறந்தது. பாதுகாப்பு உத்தரவை மீறுவதைக் குற்றமாக வைத்து வெளியாரையும் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கலாம். ஆனால் இலவச வக்கீல், சட்டப் பயிற்சி பெற்ற நீதிபதி, வெளியாரை விலக்காத ஜூரி என்று நிபந்தனைகள் நீளம். 2014 பிப்ரவரியில் பாஸ்குவா யாக்கி, டுலாலிப், உமட்டில்லா என்ற மூன்று இனங்கள் முதலில் தொடங்கின. 2022ல் சட்டத்தை இன்னும் விரித்து, குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை செய்வது, காவலரைத் தாக்குவது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். செலவு தாங்காமல் பெரும்பாலான இனங்கள் இன்னும் இதற்குள் வரவில்லை. சிவில் பாதுகாப்பு உத்தரவுக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் தேவையில்லை. மாணவர்கள் 2013 சட்டத்தின் 904, 905 என்ற இரண்டு பிரிவுகளையும் போட்டுக் குழப்புவது இங்கேதான். 904 கிரிமினல், 905 சிவில்.

மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தின் பதில் கறாரானது. இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவில், உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள், நீங்கள் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக நீதிமன்றம் தனித்தனி என்பதால் அதையே நீட்டிச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு மாநிலமோ பழங்குடி இனமோ முறைப்படி போட்ட உத்தரவை மற்ற மாநிலமும் மற்ற இனமும் தன் சொந்த உத்தரவு மாதிரியே அமல்படுத்த வேண்டும். முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் போட்ட உத்தரவை மற்றவர் அமல்படுத்த வேண்டும் என்பது 1994லிருந்து இருக்கிறது. அத்துமீறும் எண்ணத்தோடு மாநில எல்லையையோ பழங்குடி நிலப்பரப்பின் எல்லையையோ தாண்டி உத்தரவை மீறினால் அது மத்தியக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை, காயத்தைப் பொறுத்து அதற்கு மேலும்.

களத்தில் என்ன நடக்கும் என்று ஒன்று சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு நவம்பர் ராத்திரி. ரிசர்வேஷன் எல்லையிலிருந்து ஆறு மைல் தள்ளி, அக்கா வீட்டில் தங்கியிருந்த பெண். முன்னாள் கணவன் வாசலில் டிரக்கை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டதும் கவுன்டி போலீஸ்காரர் வந்தார், வந்தவர் நல்லவர்தான். தாளை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பில் கழுகு இறகு போட்ட முத்திரை, அவருக்குப் பழக்கமில்லாத நீதிமன்றப் பெயர். “இது நம்ம கோர்ட்டில் பதிவாகியிருக்கா?” என்று கேட்டார். வயர்லெஸ்ஸில் கேட்டதில் தேசியக் குற்றத் தகவல் கணினியில் உத்தரவு ஏறவில்லை என்று வந்தது. பதிவு தேவையில்லை என்று சட்டம் சொல்வது அவருக்குத் தெரியாது, அந்த நேரத்தில் அவளுக்கு விளக்கவும் வாய் வரவில்லை. அவனை ‘வீட்டுக்குப் போ’ என்று அனுப்பி வைத்தார், அவ்வளவுதான். மறுநாள் நான் அந்த ஷெரிஃப் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஏழு வாரம் ஆனது.

அதற்கப்புறம் நாங்கள் முதல் பக்கத்தில் பிடிவாதமானோம். பல மாநிலங்களும் இனங்களும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒரு பொது முதல் பக்க வடிவம் இருக்கிறது: மேலே நீதிமன்றம், வழக்கு எண், நடுவில் எதிர்மனுதாரரின் உயரம், எடை, கண் நிறம், தழும்பு, துப்பாக்கி வைத்திருக்கிறாரா என்ற கட்டம், கீழே, நோட்டீஸ் கொடுத்துக் கேட்டாயிற்று, இது எல்லா மாநிலத்திலும் பதிவில்லாமலே செல்லும் என்ற வாசகம், காலாவதித் தேதி. ராத்திரியில் டார்ச் அடித்துப் படிக்கிறவர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். 2015லிருந்து நீதித்துறை ஒரு திட்டம் வைத்து இனங்களுக்கே நேரடியாகத் தேசியக் கணினியில் உத்தரவை ஏற்றும் வசதி கொடுக்கிறது. அந்த வசதி வந்த நீதிமன்றத்துக்கும் வராத நீதிமன்றத்துக்கும் வித்தியாசம், எந்தத் தீர்ப்பு செய்ததைவிடவும் பெரியது. இது என் சொந்த அபிப்பிராயம், சட்டப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

துப்பாக்கி விஷயத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் கொடுத்து, கேட்டு, கணவன் அல்லது துணைவன் மீது போட்ட உத்தரவு உரிய வாசகங்களோடு இருந்தால், அவன் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். அந்தத் தடை அரசியல் சாசனப்படி செல்லும் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று சொல்லிவிட்டது. ஒருதலைப்பட்சத் தற்காலிக உத்தரவுக்கு இந்தப் பலன் கிடையாது. விசாரணை நாளுக்கு வரச் சொல்லி நாங்கள் கெஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மூட் கோர்ட்டில் உங்களை மடக்கக்கூடிய இடங்கள். ரிசர்வேஷனுக்கு வெளியே அடித்துவிட்டு வெளியிலேயே வசிக்கிறான், பெண் மட்டும் தாய்வீடு திரும்பி உள்ளே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவகாரம் ‘பழங்குடி நிலப்பரப்பில் எழுந்ததா’? அவன் போனில் மிரட்டினால், மிரட்டல் கேட்ட இடம் உள்ளே என்று வாதிடலாம், நான் வாதிட்டிருக்கிறேன். ஒரு நீதிபதி ஏற்றார், இன்னொருவர் முகம் சுளித்தார். ‘வேறு விதத்தில் இனத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட’ என்ற பின்பகுதி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது பாதி திறந்த கேள்வி. அடுத்தது குழந்தை. பாதுகாப்பு உத்தரவின் பகுதியாகக் கொடுத்த ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் இருக்கும் என்ற ஏற்பாடு எல்லாம் சட்டத்தின் இலக்கணத்துக்குள் வருகின்றன. அதைச் சாக்காக வைத்து நிரந்தரமாகக் குழந்தையை ஒருவரிடம் ஒப்படைப்பதும், வீட்டைப் பிரிப்பதும் வேறு கதை, அதற்குத் தனிச் சட்டங்கள் குறுக்கே வரும். வீடு கணவனுடைய பட்டா நிலத்தில், அவன் பேரில் இருந்தால் அவனை அதிலிருந்து வெளியேற்றலாமா? தற்காலிகமாக ‘அங்கே போகாதே’ என்பது பாதுகாப்பு உத்தரவின் சாதாரண ஷரத்து, அதை நான் தயங்காமல் கேட்பேன். பழங்குடி நிலத்திலிருந்து வெளியேற்றும் அதிகாரத்தைக் காட்டி அவன் சொந்த நிலத்தைவிட்டே நிரந்தரமாகத் துரத்தக் கேட்கமாட்டேன்.

அப்படியானால் பேசாமல் மாநில நீதிமன்றத்துக்கே போகலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சில இடங்களில் போகலாம். 1953ன் 280ஆம் எண் பொதுச்சட்டம் கலிஃபோர்னியா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா, ஓரிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களுக்கு, சில ரிசர்வேஷன்களை விட்டுவிட்டு, உள்ளேயும் அதிகாரம் கொடுத்தது. அங்கே இரண்டு நீதிமன்றமும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். மற்ற இடங்களில், அடிப்பவன் பழங்குடி ஆளாக இருந்து சம்பவமும் உள்ளே நடந்திருந்தால் மாநில நீதிமன்றத்தின் கை நீளாது. 1959ல் நவஹோ கடைக்கடன் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. அலாஸ்கா தனி உலகம். 1998ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பின் அங்கே ‘பழங்குடி நிலப்பரப்பு’ என்று சொல்லத்தக்க இடம் அநேகமாக இல்லை, ஆனால் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. 2013 சட்டம் அலாஸ்காவின் பெரும்பாலான இனங்களை ஒதுக்கி ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. 2014 டிசம்பரில் அதை நீக்கினார்கள். நிலத்தில் தொங்காமல் உறுப்பினர் உறவில் நிற்கும் அதிகாரம் பற்றிய வாதம் அங்கேதான் செழிப்பாக இருக்கிறது, நேரம் இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் மூட் கோர்ட் தாளில் வீடு எந்த நிலத்தில் இருக்கிறது, மனைவி எந்த இனத்தின் உறுப்பினர், கணவனுக்கு நோட்டீஸ் எங்கே, யார் கையால் போனது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாளைக் கொடுத்தவரிடம் கேளுங்கள், அனுமானித்து எழுதாதீர்கள். கணவன் தரப்பு உங்களுக்கு விழுந்திருந்தால் 2008 தீர்ப்பை முதலில் எடுக்காதீர்கள்; 2013 திருத்தம் அதைக் காலாவதியாக்கிவிட்டது என்று ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்கள். நோட்டீஸிலும், சம்பவம் நடந்த இடத்திலும் தொடங்குங்கள். வேறு சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், இந்தியாவில் இருப்பவர்களுக்கு என் பதில் ராத்திரி நேரத்தில்தான் வரும்.